ஞாயிறு பள்ளி பெஞ்சில் பிள்ளைகளும் புது விசுவாசிகளும்: யோசனை சொல்லுங்கள்

மூணாறு_மேல்லயம் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் எங்கள் சபை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), சின்ன சபைதான், லயங்களில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற குடும்பங்கள், கொஞ்சம் பாக்டரி ஆட்கள். ஐயர் (எங்கள் போதகர்) பல சபைகளைப் பார்க்க வேண்டியவர், அதனால் அவர் வருகிற ஞாயிறு போக மற்றதெல்லாம் உபதேசியாரும் மூப்பர்களும் நடத்துவது. ஞாயிறு பள்ளியை நானும் இன்னொரு அக்காவும் பார்க்கிறோம். இரண்டு விஷயத்தில் யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளமோ இங்கிலீஷோ. தமிழ் மீடியத்தில் சேர்த்தால் மேற்கொண்டு எங்கே படிக்க வைப்பது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தைத் திறந்தால் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. பாட்டுகளை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். மனப்பாட வசனம் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள், "இதில் யார் யாரிடம் பேசுகிறார்?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். திடப்படுத்தல் வரைக்கும் வருவார்கள், பேராயர் வந்து கை வைத்து ஜெபித்து, முதல் திருவிருந்து எடுத்து, போட்டோவும் எடுத்தாயிற்றென்றால் அப்புறம் ஆளைக் காணோம்.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிய பாரம். போன வருஷம் ஒரு இளம் தம்பதி சபைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களுடைய குழந்தைக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எதிர் லயத்து அக்கா ஒருவர் ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருந்தார், அதில் தொடங்கியது. அந்தப் பெண் கொளுந்து எடுக்கிறவர், கணவர் பாக்டரியில். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர், எட்டாவது வரை அங்கே தமிழில் படித்தவர், டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசித்து நாலு பேருக்கு விளக்கம் சொல்கிற ஆள். இவர்களுக்கு அடிப்படைப் பாடம் வேண்டும் என்று எங்கள் மூப்பர் ஒருவர், பாவம் நல்ல எண்ணத்தில்தான், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை யோவான் 3:16ஐ ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இவரைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இது போதாதென்று, வீட்டில் சாமி படத்தை எடுத்தாயிற்றா, பொட்டு ஏன் இன்னும் இருக்கிறது, ஊர்க் கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) வரி கொடுக்கக் கூடாது, என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமியாரும் அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறார், படங்கள் அவருடையவை. இன்னொரு பக்கம் ஒவ்வொரு கூட்டத்திலும் சாட்சி சொல்ல முன்னால் கூப்பிடுகிறார்கள். போன மாதத்திலிருந்து இரண்டு பேருமே வரத்து குறைந்துவிட்டது. இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பிள்ளைகளையும் இவர்களையும் எப்படிப் பராமரிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி வேறு வருகிறது, கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் நிறைய வருவார்கள், அதைப்பற்றியும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_பிரதர் எழுதியது:

பிரதர், நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வருஷமாக வருகிறார்கள், இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்றால் குறை அவர்களிடம் இல்லை. பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் அந்த ராத்திரியிலேயே குடும்பத்தோடு எடுத்தான், அப்போஸ்தலர் 16ஐப் பாருங்கள். எத்தியோப்பிய மந்திரி "இதோ, தண்ணீர் இருக்கிறதே" என்று ரதத்தை நிறுத்தினான், பிலிப்பு அவனை ஆறு மாத வகுப்புக்கு அனுப்பவில்லை. முழுக்கு எடுத்து, அபிஷேகம் பெற்றால், பொட்டு, படம், கொடை எல்லாம் தானாகக் கழன்று போகும். எங்கள் பக்கம் சித்தூர் தாலுகாவில் தமிழ்க் குடும்பங்கள் இப்படி எத்தனையோ வந்து நிலைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பாட்டும் ஜெபமும் போதும். ஐந்து நிமிஷம் முழங்காலில் நிற்கப் பழக்குங்கள், வாசிப்பெல்லாம் பின்னால் வரும். சாட்சி சொல்வது நல்லதுதான், அதை ஏன் குறை சொல்கிறீர்கள்? விசுவாசம் வாயால் அறிக்கையிட்டால்தான் பலப்படும்.

குமுளி_மறைக்கல்வி எழுதியது:

நான் கத்தோலிக்கத் திருச்சபை, குமுளியில் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். சபை வேறானாலும் பிரச்சினை ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன். பிரதர் சொன்ன வசனங்கள் சரிதான், ஆனால் அந்த மந்திரி ஏசாயாவைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டு எருசலேமிலிருந்து தொழுதுவிட்டுத் திரும்பியவர், ஒன்றும் தெரியாமல் வந்தவர் இல்லை. யூதரல்லாத புறவினத்தார் திரளாக வரத் தொடங்கிய பிறகு ஆதித் திருச்சபையே நிதானம் பழகிக்கொண்டது. சில இடங்களில் மூன்று வருஷம் வரைக்கும் ஆயத்தம். புனித அகுஸ்தீனார் வருஷக்கணக்காகச் சுற்றித்திரிந்து, அம்புரோஸ் ஆயரின் பிரசங்கங்களைக் கேட்டு, 387இல் மிலான் நகரில் உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டரின்) திருவிழிப்பில்தான் திருமுழுக்குப் பெற்றார். அந்தப் பழைய முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1972இல் எங்கள் திருச்சபை மறுபடியும் ஒழுங்குபடுத்தியது. பெரியவர்கள் படிப்படியாக வருவார்கள்: முதலில் சபைக்கு முன் வரவேற்பு, தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர் தெரிவு, பிறகு மூன்று ஞாயிறுகளில் அவர்களுக்காகத் தனி மன்றாட்டு, உயிர்ப்பு இரவில் திருமுழுக்கு. அதோடும் முடிவதில்லை, பாஸ்கா காலம் (ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் வாரங்கள்) முழுக்க அவர்களைக் கையைப் பிடித்து நடத்த வேண்டும் என்று அந்த ஒழுங்கிலேயே இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதில் வகுப்பைவிட முக்கியம் ஆள். ஒவ்வொருவருக்கும் ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய் ஒருவர் வேண்டும். சட்டப்படி அவருக்குப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் (நீங்கள் திடப்படுத்தல் என்பது) பெற்றவராக இருக்க வேண்டும், திருமுழுக்குப் பெறுகிறவரின் தாயோ தகப்பனோ ஆகக் கூடாது. நம் ஊரில் அந்தப் பதவி ஒரு சட்டைத்துணி, ஒரு மோதிரம், ஒரு பிரியாணிச் சாப்பாடு என்று சுருங்கிவிட்டது, அது வேறு வருத்தம். ஆனால் உங்களுக்குத்தான் ஆள் ஏற்கெனவே இருக்கிறாரே! ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த அந்த எதிர் லயத்து அக்காவை ஏன் யாரும் கேட்கவில்லை? சாயங்காலம் வேலை முடிந்து வந்தபின் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மாற்கு நற்செய்தியை ஒரு அதிகாரமாக வாசித்தால் போதும். அப்பொல்லோ ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசினபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் எழுந்து நின்று திருத்தவில்லை, தங்களோடு சேர்த்துக்கொண்டு அழைத்துப்போய்த்தான் விளக்கிச் சொன்னார்கள்.

நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே ஒருவர் இருக்கிறார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய்தான் அவரோடு பேசிப் பழகி விசுவாசத்தை அறிமுகப்படுத்தினவர். வீட்டில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வந்த நேரத்தில் யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார் என்பார்கள். கூட வேலை பார்த்த ஒருவர்தான், சாமியார் (பாதிரியார்) கூட இல்லை. அப்புறம்தான் 1745இல் வடக்கன்குளம் போய்த் திருமுழுக்கு, தேவசகாயம் என்று பெயர். மனைவியும் பின்னால் ஞானப்பூ என்ற பெயரில் விசுவாசத்துக்கு வந்தார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அவ்வளவு உறுதியாக நின்றவருக்கும் தொடக்கம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பொறுமையாக உட்கார வேண்டியிருந்தது.

சாட்சி விஷயத்தில் பிரதரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சபையை மேற்பார்க்கிற கண்காணி "நூதன சீஷனாயிருக்கக்கூடாது", அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதற்குக் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார், இறுமாப்பில் விழுந்துவிடக் கூடாதே என்று. சாட்சி சொல்வது பதவி இல்லைதான், ஆனால் வாராவாரம் மேடையேற்றினால் அந்தக் குழந்தையின் வியாதிக் கதையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லத் தோன்றும், அல்லது சொல்லிச் சொல்லி வெறுத்துப்போகும். நாளைக்கு அந்தக் குழந்தைக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால் அந்தப் பெண் எந்த முகத்தோடு கோயிலுக்கு வருவாள்?

பாறசாலை_ஓய்வுவாத்தியார் எழுதியது:

தம்பி, பிள்ளைகள் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இதே மொழிச் சிக்கலில்தான் பல வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தினேன், அரசுப் பள்ளியிலும் வாத்தியார் வேலை. எங்கள் ஊரில் ஒரே குடும்பத்தில் அண்ணன் தமிழ் வேதாகமம், தம்பி மலையாள வேதாகமம் வைத்திருப்பான், ஆராதனைக்குப் பாட்டிக்கு ஒன்று அப்பாவுக்கு ஒன்று. 1956 நவம்பர் 1இல் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே எல்லை போட்டவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

ஞாயிறு பள்ளி என்று ஒன்று எதற்காகத் தொடங்கியது தெரியுமா? 1780இல் இங்கிலாந்தில் குளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் தொடங்கியது பெரிய அளவில் பரவியது. ஆறு நாளும் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அன்றைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வாசிப்புப் புத்தகம் வேதாகமம். தென் திருவிதாங்கூரில் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) மிஷனரிகளும் கோயில் கட்டின இடத்திலெல்லாம் பள்ளிக்கூடம் போட்டார்கள், நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு எழுத்து அங்கே வந்ததுதான். ஆகவே ஞாயிறு பள்ளியில் அ, ஆ சொல்லிக்கொடுப்பது நேரத்தை வீணாக்குவது என்று உங்கள் மூப்பர்கள் சொன்னால் இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். முதல் கால் மணி நேரம் எழுத்து. பெரிய எழுத்தில் சார்ட்டில் ஒரு வசனம், அதிலிருந்தே எழுத்தைப் பொறுக்கிக் கற்றுக்கொள்ளட்டும்.

எழுத்து வருகிறவரை கதையைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் முந்தின நாள் நன்றாக வாசித்து, உங்கள் வாயால், உங்கள் எஸ்டேட் தமிழில் சொல்ல வேண்டும். காணாமற்போன ஆட்டைத் தேடிப் போனவன் எந்தச் சரிவில் இறங்கியிருப்பான் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களே மூடுபனியையும் அட்டைப்பூச்சியையும் சேர்த்துச் சொல்வார்கள். பிறகு ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், தமிழோ மலையாளமோ கலந்தோ எப்படி வருகிறதோ அப்படி. திருப்பிச் சொல்லும்போதுதான் புரிந்ததா இல்லையா என்று தெரியும், ஒப்பிக்கிறதில் தெரியாது. பெரிய பிள்ளைகள் மலையாள வேதாகமத்தை வாசித்துவிட்டு வந்து தமிழில் சொன்னால் அதைத் தடுக்காதீர்கள், கர்த்தருக்கு மலையாளமும் தெரியும். அப்புறம் வசனம். கதை தெரிந்த பிள்ளைக்கு வசனம் ஒட்டும். பரிசு கொடுப்பதையும் கொஞ்சம் குறையுங்கள், டிபன் பாக்ஸுக்காக நூற்றிப்பத்தொன்பதாம் சங்கீதத்தை விழுங்கி, ஆண்டுவிழா முடிந்த மறுநாள் மறந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திடப்படுத்தலுக்குப் பிறகு ஓடிப்போவதற்குப் பாதிக் காரணம் நாம்தான், அதைப் பள்ளி இறுதித் தேர்வு மாதிரி ஆக்கிவைத்திருக்கிறோம். அந்த வயதுப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு வகுப்பில் இடம் வேண்டும். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் மண் சரிந்து எழுபது பேர் போனார்களே, அதில் எத்தனை சின்னப் பிள்ளைகள், உங்கள் மலையில் அது தெரியாத பிள்ளை இருக்காது. "ஜெபித்தவர்களும் செத்தார்களே, ஏன்?" என்று ஒரு பையன் கேட்டால் "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். சங்கீதக்காரனே "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்டிருக்கிறான். நமக்குப் பதில் தெரியாத இடத்தில் அவனோடு சேர்ந்து அந்தச் சங்கீதத்தை வாசிக்கலாம். கேட்ட கேள்விக்கு மரியாதை கிடைத்த இடத்துக்குப் பிள்ளை திரும்பி வருவான்.

இப்போது யாரும் பேச விரும்பாத ஒன்று. வேதாகமப் பள்ளிக்கு எஸ்டேட்டுக்கு வெளியே இருந்து வாலண்டியர்கள் வருவார்கள், கீபோர்டு வாசிக்க ஒரு தம்பி வருவான், எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனாலும் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடின அறையில் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும், பாத்ரூமுக்குச் சின்னப் பிள்ளையைப் பெண் ஆசிரியை ஒருவர் இன்னொரு பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப்போக வேண்டும், வீட்டுக்கு யார் வந்து அழைத்துப்போகிறார் என்று நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற 2012 போக்சோ சட்டப்படி ஒரு பிள்ளைக்குத் தப்பு நடந்தது தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ போலீசில் சொல்வது யாருக்கும் கடமை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. "சபையின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்ப்போம்" என்று எந்த மூப்பர் சொன்னாலும் கேட்க வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்கே தெரியட்டும். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி மத்தேயு 18இல் ஆண்டவர் பேசினது சாந்தமான பேச்சு இல்லை, எந்திரக்கல்லைக் கழுத்தில் கட்டிச் சமுத்திரத்தில் போடுவது.

கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு: முன்கூட்டியே தாய் தகப்பனிடம் போய், என்ன பாடுவோம், என்ன சொல்லிக்கொடுப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாள் பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் கையைத் தூக்கச் சொல்லி, முடிவு எடுத்தவர்கள் இத்தனை பேர் என்று அறிக்கை எழுதுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பிள்ளை மிட்டாய்க்கும் கை தூக்கும், வீட்டில் போய் அடியும் வாங்கும்.

வண்டிப்பெரியாறு_மருமகள் எழுதியது:

நான் கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவள், எங்கள் குடும்பத்தில் முதல் தலைமுறை. அதனால் அந்தத் தம்பதி பக்கம் நின்று பேசுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு எதை விட வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் ஜெபம் எப்படிச் செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோயிலில் எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது, காணிக்கைத் தட்டு வரும்போது காசு இல்லையென்றால் என்ன செய்வது, பாட்டு நம்பர் சொன்னால் எந்தப் புத்தகத்தில் தேடுவது, இதெல்லாம் கூச்சத்தில் கேட்கவும் முடியாது. பரம்பரையாக வந்தவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. முதல் வருஷம் எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். நான் நிலைத்ததற்கு அவர்தான் காரணம், பிரசங்கங்கள் ஒன்றும் இப்போது ஞாபகம் இல்லை.

படம் மாமியாருடையது என்றால் மாமியார் சுவரில் இருக்கட்டும். அவருடைய விசுவாசத்தை உங்கள் மூப்பர் ஆணியோடு பிடுங்க முடியாது. சீரியப் படைத்தலைவன் நாகமானை நினையுங்கள், குஷ்டம் நீங்கினபின் இனி கர்த்தரைத் தவிர வேறே தேவர்களுக்குப் பலியிடுவதில்லை என்று சொல்லிவிட்டு, ஆனால் என் எஜமான் ரிம்மோன் கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டிவரும், அதை மன்னிப்பாராக என்று கேட்டான். எலிசா அவனை உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை, "சமாதானத்தோடே போ" என்றார். அதுக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பூசைக்கு நிற்பதில்லை, பொங்கல் வைத்துப் படைப்பதில்லை, ஆனால் மாமியாருக்குப் பூ வாங்கிக் கொடுப்பது நான்தான், அவரால் கடைக்கு நடக்க முடியாது. பொட்டும் தாலியும் அவரவர் சபை வழக்கம், அதை வைத்து ரட்சிப்பை அளக்காதீர்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது மருமகள் தாலியைக் கழற்றினால் எந்த மாமியாரும் பதறித்தான் போவார்.

கொடை வரி பற்றி. எங்கள் ஊரில் வரி கொடுக்காதவனை ஊரைவிட்டு விலக்கினது மாதிரிதான் பார்ப்பார்கள், சாவுக்குக்கூட வர மாட்டார்கள். என் கணவர் ஊர்ப் பெரியவர்களைத் தனியாகப் பார்த்து, "பூசைச் செலவுக்கு வேண்டாம், லைட்டுக்கோ தண்ணிப் பந்தலுக்கோ என் பங்கை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார், ஒத்துக்கொண்டார்கள். எல்லா ஊரும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கேட்டுப்பார்க்காமலே சண்டை போட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்று, யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் எஸ்.சி. பிரிவு என்றால் ஞானஸ்நானத்துக்கு முன்பே சர்டிபிகேட் விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும். 1950 ஜனாதிபதி ஆணைப்படி இந்து மதத்தில் இருப்பவருக்குத்தான் அந்தத் தகுதி, பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறின எஸ்.சி. கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை கிடையாது. அதற்கு மேல் எஸ்டேட் தமிழர்களுக்குக் கேரளத்தில் சர்டிபிகேட் வாங்குவதே பெரும்பாடு, 1950க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டு என்பார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு முழுக்கு கொடுத்து, பிள்ளையின் காலேஜ் அட்மிஷனில் தெரியவந்தால் சபைமேல் கசப்புதான் வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை. செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னது ஆண்டவர்தானே.

கொழிஞ்சாம்பாறை_பிரதர் எழுதியது:

சிஸ்டர், சர்டிபிகேட்டைப் பார்த்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடச் சொல்வது எனக்கு ஏற்கவில்லை. ஆனால் மறைக்கக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அது நியாயம். படம், தாலி விஷயத்தில் எங்கள் போதனை வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன இரண்டு பெரியவர்கள் விஷயத்தை எங்கள் சபையிலும் பேச வேண்டும், இதுவரை அப்படி ஒரு ஒழுங்கு வைத்ததில்லை.

பாறசாலை_ஓய்வுவாத்தியார் எழுதியது:

தம்பி, இன்னொரு யோசனை, முதலிலேயே சொல்லியிருக்கலாம். டீக்கடையில் பேப்பர் வாசிக்கிற அந்த மனிதர் எட்டாவது வரை தமிழில் படித்தவர் என்றீர்களே. உங்கள் பிள்ளைகளுக்கு இல்லாதது தமிழ் எழுத்து. அந்தக் கால் மணி நேரத்தை ஏன் அவரிடம் கொடுக்கக் கூடாது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் தரையைப் பார்த்து உட்கார்ந்தவர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கட்டும். வேதபாடம் எடுக்கச் சொல்லவில்லை, அ, ஆ, இ, ஈ மட்டும். நீங்களும் அந்த அக்காவும் அதே அறையில் இருங்கள், யாராக இருந்தாலும் இரண்டு பெரியவர்கள் என்ற ஒழுங்கு மாறக் கூடாது. அவருடைய சொந்த விசுவாசப் பாடம் தனியாக, வீட்டில், பெரியவர்களோடு.

மூணாறு_மேல்லயம் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. எதிர் லயத்து அக்காவிடம் நேற்றுச் சாயங்காலம் பேசினேன். "என்னை எதுக்குக் கேக்கிறீங்க, நானே நாலாவதுதான் படிச்சேன்" என்றார். வாசிக்க அந்தப் பெண்ணின் கணவரே இருக்கிறார், நீங்கள் கூட இருந்தால் போதும் என்றதும் சரி என்றார். வியாழக்கிழமை ஆரம்பிக்கிறார்கள், மாற்கு முதல் அதிகாரம்.

தமிழ் எழுத்து யோசனையை மூப்பர்களிடம் வைத்தேன். இருவர் சரி என்றார்கள், ஒருவர் "ஞானஸ்நானம் எடுக்காதவர் கோயிலுக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதா?" என்று இழுக்கிறார். ஐயர் வந்ததும் முடிவு செய்வோம் என்று நிற்கிறது. சாட்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்த மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சர்டிபிகேட் விஷயம் அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே தெரியுமாம், தாலுகா ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார், அதையும் யோசித்துத்தான் தயங்கியிருக்கிறார்போல. எங்களிடம் சொல்லக் கூச்சம்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி, வண்டிப்பெரியாறு அக்காவிடம். அந்தத் தம்பியுடைய சொந்த அக்கா மகளுக்கு ஆவணியில் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். இவர்தான் தாய்மாமன். மடியில் பிள்ளையை வைக்க வேண்டும், போகலாமா கூடாதா என்று என்னிடம் கேட்கிறார்.

வண்டிப்பெரியாறு_மருமகள் எழுதியது:

போகச் சொல்லுங்கள். தாய்மாமன் இல்லாத காதுகுத்தில் அந்தப் பிள்ளைக்கும் அக்காவுக்கும் ஆயுசுக்கும் குறை நிற்கும், அதற்குக் காரணம் இயேசு என்று அவர்கள் நினைக்க விடலாமா? என் கணவருக்கும் இதே வந்தது. சீர்வரிசையைக் குறைக்காமல் கொண்டுபோனார், கம்மல் எடுத்தார், மடியில் வைத்துக் காது குத்தினார்கள், தீபாராதனை நேரத்தில் வெளியே பந்தலில் பந்தி பரிமாறுகிறவர்களோடு நின்றுகொண்டார். படையல் சாப்பாடு பற்றி அவருக்கு உறுத்தல் இருந்தது, அதனால் அதை மட்டும் எடுக்கவில்லை. வேறு ஒருவருக்கு அந்த உறுத்தல் இல்லாமல் இருக்கலாம், 1 கொரிந்தியர் 8ஐயும் 10ஐயும் அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் முக்கியமானது, இதை அங்கே போய் எல்லார் முன்னாலும் சொல்லக் கூடாது. இப்போதே போன் போட்டு அக்காவிடமும் மச்சானிடமும், "நான் வருவேன், சீர் கொண்டுவருவேன், மடியில் வைப்பேன், பூசையில் மட்டும் நிற்க மாட்டேன், என்னைத் தப்பாக நினைக்காதீங்க" என்று சொல்லிவிடட்டும். மச்சான் ஒருவேளை கத்துவார். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஆறிவிடும். கையோடு அந்தப் பெண்ணையும் அக்காவிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள், நாத்தனார் மனசு கோணாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூணாறு_மேல்லயம் எழுதியது:

சரிக்கா. அவர் இன்றைக்கு ராத்திரி ஷிப்ட், நாளைக் காலையில் பார்த்துச் சொல்கிறேன். கம்மல் சீட்டுப் பணத்தில் எடுக்கலாம் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாராம்.